பாம்பு இரையைக் கக்கினால் முதலில் எதைப் பார்ப்பது?

ஜூன், ஜூலைக் குளிர்காலம் வந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பாம்பு வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "அக்கா, முந்தாநாள் கொடுத்த எலியை முழுசா கக்கிடுச்சு. புழு மருந்து கொடுக்கலாமா?" சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எல்லாப் பக்கமிருந்தும் இதே செய்தி வரும். ஒரு கால்நடை மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவள் நான். நாய், பூனை, ஆமை, பாம்பு என்று எல்லாவற்றின் மலத்தையும் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதுதான் என் அன்றாடம். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: மருந்தை எடுக்கும் முன் தெர்மாமீட்டரை எடுங்கள்.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி அல்ல. வெளியே கிடைக்கும் சூட்டை வைத்துத்தான் அதன் செரிமானம் நடக்கிறது. எலும்பு, மயிர், பல், நகம் என்று எதையும் மெல்லாமல் இரையை முழுசாக விழுங்குகிறது. அத்தனையையும் கரைக்கும் பொறுப்பு இரைப்பை அமிலத்துக்கும் நொதிகளுக்கும்தான். பர்மிய மலைப்பாம்பை வைத்து ஆய்வாளர்கள் இதை அளந்திருக்கிறார்கள். பட்டினி கிடக்கும் நாட்களில் அதன் இரைப்பையில் அமிலமே இல்லை என்று சொல்லலாம், பி.எச். அளவு ஏறக்குறைய 7, அதாவது தண்ணீர் மாதிரி. இரை உள்ளே போய் ஓரிரு நாளில் அது 2 அளவுக்கு இறங்கிவிடும், அதாவது கடும் அமிலமாகிவிடும். அதற்குள் சிறுகுடலின் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிக்கொள்ளும். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு புது வயிற்றையே கட்டி எழுப்புகிற உடம்பு அது!

இந்த வேலை நடுவில் இருக்கும்போது தொட்டி குளிர்ந்துபோனால் என்ன ஆகும்? அமிலம் சுரப்பது மந்தமாகிவிடும். செத்த எலியின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மட்டும் சும்மா இருக்காது. இரை உள்ளேயே அழுகத் தொடங்கும், வாயு சேரும். அதை வெளியே தள்ளுவதைத் தவிர பாம்புக்கு வேறு வழி கிடையாது. கார்ன் ஸ்நேக்குக்குத் தொட்டியின் சூடான பக்கம் 29 முதல் 31 டிகிரி வேண்டும், ராயல் பைத்தானுக்கு 31 முதல் 33. ஜூலை மாத இரவில் டர்பனிலேயே வெளியே 11, 12 டிகிரி வரை இறங்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹனஸ்பர்க் பக்கம் இன்னும் குளிர். 2022, 2023-ல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் பல தடவை கரண்ட் போனது நினைவிருக்கும். அந்தக் குளிர்காலங்களில் இரையைக் கக்கிய பாம்புகள் எத்தனையோ வந்தன. அவற்றில் பலவற்றின் மலத்தில் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு புழு முட்டைகூடத் தென்படவில்லை.

ஆகவே கரண்ட் போகும் என்று தெரிந்த நாட்களில் இரை கொடுக்காதீர்கள். ஆரோக்கியமான வளர்ந்த பாம்பு ஒரு வாரம் தள்ளிச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. இரை கொடுத்த பிறகு கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் போர்த்துங்கள், காற்றுக்கு மட்டும் இடம் விடுங்கள். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள்.

குளிர் தவிர இன்னும் இரண்டு சாதாரணக் காரணங்கள் உண்டு. இரை பெரிதாக இருப்பது ஒன்று. பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடத்தின் பருமனைவிட இரை அதிகம் பருத்திருக்கக்கூடாது. சாப்பிட்ட கையோடு பாம்பைத் தூக்குவது இன்னொன்று. குறைந்தது 48 மணி நேரம் அதைத் தொடாமல் விட வேண்டும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் பாம்பை எடுத்துக் காட்டாமல் இருப்பது பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான், ஆனால் இதில் பெரியவர்கள் கண்டிப்பாக இருக்கத்தான் வேண்டும்.

கக்கியதை அருவருப்போடு உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது நிறையச் சொல்லும். ஓரிரு நாளில், எலி ஏறக்குறைய முழு உருவத்தோடு வெளியே வந்தால் சூடு, அளவு, தொந்தரவு ஆகிய மூன்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். நாலைந்து நாள் கழித்து, பாதி கரைந்து, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு வந்தால், அதுவும் ஒவ்வொரு இரைக்கும் இப்படியே நடந்தால், இரைப்பையிலேயே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். எது வந்தாலும் ஒரு போட்டோ எடுத்து, தேதியைக் குறித்து வையுங்கள். பிறகு 10 முதல் 14 நாள் வரை இரை வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும். கக்கும்போது அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கியிருக்கும், அது ஆற வேண்டும். அடுத்த இரை வழக்கமான அளவில் பாதி இருந்தால் போதும். "பாவம், பசியோடு இருக்குமே" என்று மறுநாளே இன்னொரு எலியைக் கொடுப்பது பாம்புக்குச் செய்யும் பெரிய தீங்கு. மறுபடி கக்கும், மறுபடி கொடுப்பார்கள். அதற்குள் நீர்ச்சத்து வற்றி உடம்பு ஒடுங்கிவிடும்.

சூடு சரியாக இருக்கிறது, இரையும் அளவாக இருக்கிறது, யாரும் தொடவும் இல்லை. அப்படியும் கக்கினால், அல்லது மலம் சளியாக, ரத்தமாக, தண்ணீராகப் போனால், அப்போதுதான் ஒட்டுண்ணியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ஒட்டுண்ணி இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. கரும்புத் தோட்டத்து ஓரம் வாழும் ஒரு ஹவுஸ் ஸ்நேக்கின் குடலில் ஏதாவது சில புழுக்கள் இருக்கும், பாம்பும் திடமாகத்தான் இருக்கும். அது ஓரிடத்தில் மலம் கழித்துவிட்டு வேறிடம் போய்விடுகிறது. புழுவின் முட்டைகள் அங்கேயே கிடந்து வெயிலில் காய்ந்து போகின்றன. வீட்டுத் தொட்டியில் அப்படி நடக்க வழியில்லை. இரண்டு மூன்று அடி நீளத்துக்குள் பாம்பு தன் மலத்தின் மேலேயே ஊர்கிறது, அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது. வெளியே போன முட்டை திரும்ப வாய் வழியே உள்ளே வருகிறது. காட்டில் பத்துப் புழுவோடு நிம்மதியாக வாழ்ந்திருக்கக்கூடிய பாம்பு, தொட்டிக்குள் நூற்றுக்கணக்கான புழுக்களைச் சுமக்க வேண்டி வருகிறது. இதோடு குளிரும் பயமும் சேர்ந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும். அதுவரை அடங்கியிருந்த ஒட்டுண்ணி அப்போதுதான் நோயாக மாறுகிறது.

எல்லா ஒட்டுண்ணியும் தொட்டிக்குள் இப்படிப் பெருகிவிட முடியாது. பாம்பிலிருந்து பாம்புக்கு நேராகப் பரவும் வகைகள் உண்டு. கொக்கிப்புழு, அமீபா, கிரிப்டோ எல்லாம் இதில் அடங்கும். இடையில் வேறொரு பிராணியின் உடம்பில் வளர்ந்துதான் பாம்புக்கு வரக்கூடிய வகைகளும் உண்டு. நாடாப்புழு அப்படிப்பட்டது. தவளை, பல்லி, எலி ஆகியவற்றின் உடம்பில் அதன் இளம்பருவம் வளர்கிறது. வெளியில் பிடித்த இரையை நிறுத்தினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியைப் பிடித்துப் பாம்புக்குக் கொடுக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லுங்கள். கடையில் உறைய வைத்து விற்கும் எலிகளே போதும். பல வாரம் உறைநிலையில் இருக்கும் இரையில் புழுக்களின் இளம்பருவம் பெரும்பாலும் செத்துவிடும். பாக்டீரியா மட்டும் சாகாது. அதனால் உறை நீக்கிய எலியை வெளியே வெகுநேரம் வைக்கக்கூடாது.

இவற்றில் நான் உண்மையாகவே அஞ்சுவது கிரிப்டோவுக்குத்தான். கிரிப்டோஸ்போரிடியம் செர்பென்டிஸ் என்பது முழுப் பெயர். பாம்புகளில் இந்த நோய் 1977-ல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஒரே செல் கொண்ட உயிரி இது, இரைப்பையின் உள்சுவரில் குடியேறிவிடும். அந்தச் சுவர் வருடக்கணக்கில் தடித்துக்கொண்டே போகும், உள்ளே இடம் குறுகும், அமிலச் சுரப்பிகள் சிதையும். பாம்பைக் கையில் தாங்கி, அடிவயிற்றில் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். சாப்பிட்டுப் பல நாள் ஆன பிறகும் உடலின் நடுப்பகுதியில் கெட்டியான உருளை மாதிரி ஒன்று தட்டுப்படும். வெளியிலிருந்து பார்த்தால் அப்போதுதான் எலி விழுங்கியது போல அந்த இடம் புடைத்திருக்கும், அதன் இரு பக்கமும் முதுகெலும்பு துருத்தித் தெரியும் அளவுக்கு உடம்பு வற்றியிருக்கும். இந்தத் தோற்றத்தை ஒரு தடவை பார்த்தவர்களால் மறக்க முடியாது. பசி இருக்கும், ஆசையாகப் பாய்ந்து இரையைப் பிடிக்கும், சில நாளில் கக்கிவிடும்.

இதைக் கண்டுபிடிப்பதும் லேசான காரியம் அல்ல. இதன் முட்டை போன்ற உறை ஐந்தாறு மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு. சாதாரணமாகப் பார்த்தால் ஈஸ்ட் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடலாம். அதற்கென்று ஒரு சாயம் இருக்கிறது. காசநோய்க்குச் சளியைப் பரிசோதிக்கும் அதே ஜீல்-நீல்சன் சாயத்தைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துகிறோம். நீலப் பின்னணியில் இளஞ்சிவப்பு உருண்டைகளாக அது தனித்துத் தெரியும், ஈஸ்ட் அந்தச் சிவப்பை ஏற்காது. பி.சி.ஆர். சோதனை இன்னும் நம்பகமானது. ஆனால் இந்த உறைகள் தினமும் வெளியே வருவதில்லை. சில வாரம் வரும், சில வாரம் வராது. ஒரு சோதனையில் இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிட முடியாது. சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். கக்கிய இரையின் மேல் படிந்த சளியில் தேடுவது மலத்தில் தேடுவதைவிடப் பலன் தரும்.

இதை முற்றாகக் குணப்படுத்தும் நம்பகமான மருந்து இன்றுவரை இல்லை. பாரமோமைசின் கொடுத்தால் உறைகள் வெளியேறுவது குறையும், நோய் வேரோடு போய்விட்டது என்று சொல்ல முடியாது. வேறு பாம்புகள் உள்ள வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் மருத்துவர்கள் பெரும்பாலும் கருணைக்கொலையைத்தான் சொல்வார்கள். கேட்க மனம் கசக்கும், ஆனாலும் அந்தச் சிரமத்தோடு அது வருடக்கணக்கில் பட்டினியால் வாடுவதை நானும் விரும்பமாட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அதை மருத்துவர் கையில் விடுங்கள். "வலிக்காது" என்று யாராவது சொன்னதை நம்பிப் பாம்பை ஃபிரீசரில் வைக்காதீர்கள். அதற்கு வலிக்கக்கூடும்.

வீட்டில் நாம் ஜிக் என்று சொல்லும் பிளீச் கிரிப்டோவின் உறையை ஒன்றும் செய்யாது. நீராவியும் கொதிக்கும் தண்ணீரும் அதைக் கொல்லும், பிறகு பாத்திரத்தை நன்றாகக் காயவும் வைக்க வேண்டும். மரக்கட்டை, மரப்பட்டை போன்றவற்றை எரித்துவிடுவது நல்லது.

அடுத்தது அமீபா. என்டமீபா இன்வேடன்ஸ் என்ற இது தாவரம் தின்னும் ஆமைகளின் குடலில் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராமல் வாழ்கிறது. அதுவே பாம்புக்குப் போனால் பெருங்குடலை அரித்துப் புண்ணாக்கி, ரத்தத்தின் வழியே கல்லீரலுக்கும் போய்விடும். ரத்தமும் சளியும் கலந்த மலம், இரையில் வெறுப்பு, ஓயாத தாகம் ஆகியவை இதன் அடையாளங்கள். சில வாரங்களிலேயே பாம்பு செத்துவிடக்கூடும். நம் ஊரில் ஆமையும் பாம்பும் ஒரே வீட்டில் இருப்பது சகஜம். ஆமைத் தொட்டியைக் கழுவிய கையோடு பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டாலே போதும், தொற்று போய்ச் சேர்ந்துவிடும். கிரிப்டோவைப் போல இதற்கு மருந்தே இல்லை என்ற நிலை இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் மெட்ரோனிடசோல் வேலை செய்யும்.

குடற்புழுக்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முட்டையைப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. ஆப்பிரிக்க மலைப்பாம்புகளிடம் காணப்படும் நாக்குப்புழுவை மட்டும் சொல்லிவைக்கிறேன். அது நுரையீரலில் வாழும், முட்டைகள் சளியோடும் மலத்தோடும் வெளியேறும், மனிதரையும் தொற்றும். காட்டில் பிடித்த மலைப்பாம்பை வீட்டில் வைக்காதிருக்க இது ஒன்றே போதிய காரணம். தவிர, நம் நட்டால் மலைப்பாம்பு சட்டப் பாதுகாப்பு பெற்ற இனம், அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம்.

போவா வளர்ப்பவர்களுக்கு ஒரு வரி. போவா திரும்பத் திரும்பக் கக்கினால் ஒட்டுண்ணியோடு நிறுத்திக்கொள்ளாமல் ஐ.பி.டி. என்னும் வைரஸ் நோய்க்கும் சோதனை கேளுங்கள். அதற்குக் காரணமான, அரீனா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்களை 2012-ல்தான் அடையாளம் கண்டார்கள்.

மைக்ரோஸ்கோப்பில் தெரிவதெல்லாம் பாம்பினுடையது என்று எண்ணிவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் சீக்கிரம் புரியும் பாடம். உப்புக் கரைசலில் மலத்தைக் கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் முட்டைகள் மேலே மிதந்து வந்து கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்கும்போது எட்டுக் கால், முடி, நகம் எல்லாவற்றோடும் ஒரு பூச்சி கண்ணில் படும். பக்கத்தில் அதன் முட்டை, புழு முட்டையைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். அது எலியின் உடம்பில் இருந்த உண்ணி. எலியோடு விழுங்கப்பட்டு, பாம்பின் குடலைத் தாண்டி அப்படியே வந்திருக்கிறது. எலியின் கீரிப்பூச்சி முட்டைகளும் இதே மாதிரி வரும். இவை பாம்புக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை, இவற்றுக்கு மருந்து கொடுப்பது வீண் வேலை.

வீண் வேலை என்பதோடு போனால் பரவாயில்லை. மாட்டுக்கு விற்கும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி ஊசி மருந்து விவசாயக் கடையில் சுலபமாகக் கிடைக்கிறது. பல நூறு கிலோ எடையுள்ள மாட்டுக்குத் தயாரித்ததை 200 கிராம் பாம்புக்கு அளந்து கொடுப்பது எப்படி? அதே அறையில் இருக்கும் ஆமைக்குத் தப்பித் தவறிப் போனால் அது செத்தே விடும். ஃபென்பெண்டசோல் என்னும் புழு மருந்து அளவு மீறினால் எலும்பு மஜ்ஜை கெடும், மெட்ரோனிடசோல் மீறினால் நரம்பு பாதித்துத் தலை தடுமாறும். எதையும் எடை பார்த்து, எந்த ஒட்டுண்ணி என்று தெரிந்த பிறகு, மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று வருடா வருடம் கொடுக்கும் புழு மருந்தை நான் ஆதரிப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை மலத்தைச் சோதித்தால் போதும்.

நம் வீடுகளில் கட்டாயம் பேச வேண்டியது பால். புற்றுக்குப் பால் வார்த்து வணங்கும் வழக்கத்தோடு இங்கே வந்தவர்கள் நம் முன்னோர், அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் தொட்டியில் உள்ள பாம்புக்கு வெள்ளிக்கிழமை கிண்ணத்தில் பால் வைக்கும் ஆயாக்களைப் பார்த்திருக்கிறேன். பாலைச் செரிக்கும் நொதி பாம்புக்குக் கிடையாது. தாகம் எடுத்தால் அது குடித்துத்தான் வைக்கும், பிறகு வயிறு கெட்டுப் பேதியாகும். பாலைச் சாமிக்கு வைத்துவிட்டுப் பாம்புக்குச் சுத்தமான தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள், ஆயா கேட்டுக்கொள்வார்.

மனிதருக்கு வரக்கூடியது சால்மொனெல்லா. ஆரோக்கியமான பாம்பின் குடலிலும் அது இயல்பாகவே இருக்கும். மருந்து கொடுத்து அதை ஒழிக்க முயன்றால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். ஆகவே பாம்பை விட்டுவிட்டு நம் கையைக் கழுவுவோம். தொட்டியையும் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், எச்.ஐ.வி. அல்லது வேறு காரணத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் பாம்பு வளர்ப்பதையே மறுபடி யோசியுங்கள். பாம்பின் கிரிப்டோ மனிதருக்கு வருவதாகத் தெரியவில்லை, அந்தப் பயம் வேண்டாம்.

புதுப் பாம்பு வாங்கினால் 90 நாள் தனி அறையில், வெறும் செய்தித்தாள் விரித்த தொட்டியில் வையுங்கள். பழைய பாம்புகளைக் கவனித்து முடித்த பிறகு கடைசியாக அதைத் தொடுங்கள், அதன் இடுக்கியும் கிண்ணமும் தனியாக இருக்கட்டும். அந்த நாட்களில் மலத்தைச் சில தடவை சோதித்துவிடுங்கள்.

சோதனைக்குக் கொண்டுவரும்போது அன்று கழித்த மலமாக இருக்க வேண்டும். வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் இருப்பது சிறுநீர் உப்பு, எங்களுக்குத் தேவை பழுப்பு நிறப் பகுதி. மூடியுள்ள சுத்தமான டப்பாவில், காய்ந்துவிடாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கொண்டுவாருங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது. ஆனால் பேதியாக இருந்தால் ஃபிரிட்ஜும் வேண்டாம், நேரே ஓடி வாருங்கள். அசையும் உயிரிகள் குளிரில் செத்துவிட்டால் எங்கள் கண்ணில் படாது. கூடவே பாம்பின் எடை, கடைசியாக என்ன, எப்போது சாப்பிட்டது, சூடான பக்கத்திலும் குளிர்ந்த பக்கத்திலும் தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எல்லா மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். இந்த நாட்டில் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் ஒரே பல்கலைக்கழகப் பிரிவு பிரிட்டோரியாவின் ஒண்டர்ஸ்டெபூர்ட்டில் இருக்கிறது. சிக்கலான நோயாக இருந்தால் அங்கே அனுப்பிக் கருத்துக் கேட்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடமே கேட்டுப் பாருங்கள்.